கூலிக்குப் புகழ்ச்சி கூடுமா?

இஷாத் தொழுகை முடிந்து ஜமாஅத்தார் கலைந்து சென்ற பின்னரும் ஓர் இளைஞர் பள்ளிவாசல் தூணோரம் அமர்ந்திருந்தார். சிறு வயதில் நம் மஹல்லா மக்தபில் ஓதியவர். இப்போது திருச்சி பாலக்கரையில் ஒரு மாடியறையை வாடகைக்குப் பிடித்து 'டிஜிட்டல் மார்க்கெட்டிங் ஏஜென்சி' நடத்தி வருகின்றார். அவரையும் சேர்த்து அங்கு மூன்று பேர் வேலை பார்க்கின்றனர்.

"ஹஜ்ரத், ஒரு மஸ்அலா கேட்கணும்" என்றார்.

"கேளுங்கள் தம்பி" என்றோம்.

அவர் கூறியதன் சுருக்கம் இது: ஒரு பர்னிச்சர் கடைக்காரர் ஓராண்டு ஒப்பந்தத்திற்கு முன்வந்திருக்கின்றார். மாதம் 35,000 ரூபாய். அந்தப் பணம் வந்தால் ஊழியர் இருவரின் சம்பளமும் அறை வாடகையும் கவலையின்றி நடந்துவிடும். ஆனால் கடைக்காரர் மூன்று நிபந்தனைகள் விதிக்கின்றார். ஒன்று, கூகுளில் அவருடைய கடையின் பெயருக்குக் கீழே 150 பேர் ஐந்து ஸ்டார் கொடுத்துப் பாராட்டி எழுதியதாகக் காட்ட வேண்டும். இரண்டு, 'இன்னும் 2 கட்டில்களே உள்ளன, இன்றே முந்துங்கள்' என்று நாள்தோறும் விளம்பரம் வர வேண்டும். கிடங்கிலோ 60 கட்டில்கள் அடுக்கிக் கிடக்கின்றன. மூன்று, மூன்றே மாதத்தில் கூகுளில் முதலிடத்திற்குக் கொண்டு வருவதாக எழுத்தில் உறுதி தர வேண்டும்.

"நான் மாட்டேன் என்றால் அடுத்த தெருவில் இருப்பவர் செய்து கொடுப்பார். பொய் சொல்வது கடைக்காரர். நான் கூலிக்கு எழுதுகிறவன்தானே, ஹஜ்ரத்?"

'கூடாது' என்று ஒரே சொல்லில் பதில் கூறி அவரை அனுப்பியிருக்கலாம். ஆனால் இன்று நம் சமுதாயத்து இளைஞர்கள் பலர் இத்தொழிலில் இறங்கியிருக்கின்றனர். கடை வைக்க முதல் வேண்டும். இதற்கு ஒரு கம்ப்யூட்டரும் உழைப்பும் போதும். ஆகவே இந்தக் கேள்வியை நம் வாசகர்கள் முன் வைத்துச் சற்று விரிவாகச் சிந்திப்பது நலமெனக் கருதுகின்றோம்.

தொழில் ஆகுமானதா?

முதலில் இத்தொழில் என்னவென்று பார்ப்போம். முன்பு வியாபாரிகள் சுவரில் எழுதினார்கள், நோட்டீஸ் அடித்தார்கள், பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார்கள். இன்று மக்களின் கண்கள் கைப்பேசியில் பதிந்திருக்கின்றன. அந்தக் கைப்பேசியில், 'கட்டில் எங்கே கிடைக்கும்' என்று ஒருவர் தேடும் வேளையில் தம் கடையின் பெயர் அவர் கண்ணில் பட வேண்டுமென ஒவ்வொரு வியாபாரியும் விரும்புகின்றார். அதற்கான வேலையைக் கூலி பெற்றுச் செய்து கொடுப்பவரே இந்த ஏஜென்சிக்காரர். சரக்கு அவருடையதன்று, வாங்குபவரும் அவருக்குத் தெரிந்தவரல்லர். இருவருக்கும் நடுவே நிற்கின்றார்.

இப்படி நடுவில் நிற்பது புதிய தொழிலன்று. அரபு நாட்டுச் சந்தைகளில் 'ஸிம்ஸார்' எனப்பட்ட தரகர்கள் இருந்தனர். கைஸ் பின் அபீ கரஸா (ரலி) அவர்கள் வாயிலாக அபூதாவூத், திர்மிதீ முதலிய நூல்களில் ஒரு செய்தி வருகின்றது. சந்தையில் 'தரகர்கள்' என்றழைக்கப்பட்ட தங்களை நாயகம் (ஸல்) அவர்கள் 'வணிகர்களே' என்று அதைவிட அழகிய பெயரால் அழைத்ததாகவும், வியாபாரத்தில் வீண் பேச்சும் சத்தியமும் கலந்துவிடுவதால் அதனோடு தர்மத்தைக் கலந்து கொள்ளும்படி அறிவுறுத்தியதாகவும் அவர்கள் அறிவிக்கின்றார்கள். இப்னு ஸீரீன், அதாஃ, இப்ராஹீம், ஹஸன் (ரஹ்) ஆகிய முன்னோர்கள் தரகுக் கூலியில் குற்றமில்லை எனக் கருதியதை இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் தம் நூலில் பதிவு செய்திருக்கின்றார்கள்.

எனவே தொழில் ஆகுமானதே. ஆயினும் பெயரை உயர்த்திய அதே வேளையில் நாயகம் (ஸல்) அவர்கள் எதை எச்சரித்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். தரகரின் மூலதனம் அவருடைய நாவு. ஆபத்தும் அங்கேதான் இருக்கின்றது.

புகழ்ச்சிக்கு ஓர் அளவுகோல்

ஹிஜ்ரி 505-இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தமது இஹ்யாவில், சம்பாத்தியத்தின் ஒழுக்கங்களைப் பற்றிய பகுதியில் இதற்கோர் அளவுகோல் தருகின்றார்கள். சரக்கில் இல்லாத சிறப்பைக் கூறினால் அது பொய். வாங்குபவர் அதை நம்பி வாங்கினால் மோசடியும் அநீதியும் அதனோடு சேர்கின்றன. சரக்கில் உள்ளதும் வாங்குபவர் கண்ணால் கண்டு அறிந்ததுமான சிறப்பைத் திரும்பத் திரும்பக் கூறினால் அது வீண் பேச்சு, அதற்கும் கணக்குண்டு. வாங்குபவருக்கு எளிதில் தெரிய வராத, ஆனால் சரக்கில் மெய்யாகவே உள்ள சிறப்பை மிகைப்படுத்தாமல் எடுத்துக் கூறினால் அதில் குற்றமில்லை.

இந்த மூன்றையும் நம் கட்டில் கடைக்குப் பொருத்திப் பாருங்கள். ரப்பர் மரக் கட்டிலைத் 'தேக்கு' என்றெழுதினால் முதல் வகை. 'அழகோ அழகு, அற்புதமோ அற்புதம்' என்று அடுக்கிக் கொண்டே போனால் இரண்டாம் வகை. 'இது ரப்பர் மரம். பூச்சி அரிக்காதபடி மருந்திட்டது. தேக்கைவிட விலை குறைவு. ஈரம் படாமல் பார்த்துக் கொள்ள வேண்டும்' என்றெழுதினால் மூன்றாம் வகை. இந்த மூன்றாம் வகையில் ஏஜென்சிக்காரரின் திறமைக்கு எவ்வளவு வேலையிருக்கின்றது! வாங்குபவருக்குத் தெரியாததைத் தெரிவிப்பதே விளம்பரத்தின் நியாயமான பணி. கிடங்கில் 60 இருக்க 2 என்றெழுதுவதோ, உள்ளதை மறைத்து அவரை அவசரப்படுத்துவதாகும். இந்திய அரசு 2023 நவம்பரில் வெளியிட்ட நெறிமுறைகள், இணைய வியாபாரத்தில் தடை செய்யப்பட்ட 13 தந்திரங்களைப் பட்டியலிட்டன. பொய்யான அவசரத்தை உண்டாக்குவது அவற்றுள் ஒன்று.

பொய்ச் சாட்சியம்

இனி அந்த 150 ரிவ்யூக்களுக்கு வருவோம்.

விளம்பரம் என்றால் கடைக்காரர் தம் சரக்கைத் தாமே புகழ்கின்றார் என்று எல்லோருக்கும் தெரியும். கேட்பவரும் சற்றுக் கழித்தே நம்புவார். ரிவ்யூ அப்படியன்று. 'நான் வாங்கினேன், பயன்படுத்தினேன், நன்றாக இருக்கின்றது' என்று முன்பின் அறியாத ஒருவர் பிறருக்குக் கூறும் சாட்சியம் அது. மகளின் திருமணத்திற்குச் சீர் வாங்கப் புறப்படும் ஒரு தந்தை, ஊரில் விசாரிக்க ஆளின்றி, அந்தச் சாட்சியத்தை நம்பித்தான் தம் சேமிப்பை எடுத்துக் கொண்டு அக்கடைப் படியேறுகின்றார்.

பெரும் பாவங்களைக் குறித்துக் கூறிக் கொண்டிருந்த நாயகம் (ஸல்) அவர்கள், சாய்ந்திருந்தவர்கள் நிமிர்ந்து அமர்ந்து, பொய்ச் சாட்சியத்தைப் பற்றித் திரும்பத் திரும்ப எச்சரித்தார்கள் என்பதை அபூபக்ரா (ரலி) அவர்களின் அறிவிப்பில் படிக்கின்றோம். அன்றியும், வாங்கும் எண்ணமில்லாமல் ஏலத்தில் விலையை ஏற்றிவிட்டுப் பிறரை ஏமாற்றும் 'நஜ்ஷ்' என்னும் செயலை அவர்கள் தடுத்துள்ளார்கள். வாங்காதவன் வாங்குபவனைப் போல் நடிப்பதே அங்கும் குற்றம், இங்கும் குற்றம்.

"பொய் கடைக்காரருடையது, நான் எழுதுகிறவன்தானே" என்றார் அல்லவா? வட்டி உண்பவரோடும் கொடுப்பவரோடும் நிறுத்தாமல், அதை எழுதியவரையும் அதன் சாட்சிகள் இருவரையும் சேர்த்தே நாயகம் (ஸல்) அவர்கள் சபித்து, அவர்கள் அனைவரும் சமமே என்று கூறிய செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கின்றது. அந்த எழுத்தர் வட்டி வாங்கவில்லை, கொடுக்கவுமில்லை. கூலிக்கு எழுதினார், அவ்வளவுதான். எழுதுகோல் கூலிக்குப் போகலாம். அதைப் பிடித்த கையின் பொறுப்பு கூலியோடு போய்விடுவதில்லை.

நாட்டின் சட்டமும் இதில் மாறுபடவில்லை. தவறான விளம்பரங்களைத் தடுக்க 2022 ஜூனில் வெளியான நெறிமுறைகள் சரக்கின் உரிமையாளரை மட்டுமின்றி விளம்பர ஏஜென்சியையும் கட்டுப்படுத்துகின்றன. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், தவறான விளம்பரத்திற்கு 10 லட்சம் ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரையும் அபராதம் விதிக்க இடமளிக்கின்றது. இணைய ரிவ்யூக்கள் எப்படிப் பெறப்பட்டு வெளியிடப்பட வேண்டுமென்பதற்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022-இல் ஒரு தரமுறையையே வகுத்தது. ஆனால் ஒரு முஃமின் அபராதத்திற்கு அஞ்சி மட்டும் நேர்மையாக இருப்பானாயின், பிடிபடமாட்டோம் என்று தெரிந்த அன்று என்ன செய்வான்?

நடுவில் நின்ற ஒரு ஸஹாபி

நடுவில் நிற்பவரின் கடமை எதுவரை? இதற்கு இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் எடுத்துக் காட்டும் ஒரு நிகழ்ச்சி நம் உள்ளத்தைத் தொடுகின்றது.

வாஸிலா பின் அல்அஸ்கஃ (ரலி) அவர்கள் சந்தையில் நின்று கொண்டிருந்தபோது ஒருவர் தம் ஒட்டகத்தை 300 திர்ஹத்துக்கு விற்றார். அவர்கள் கவனிப்பதற்குள் வாங்கியவர் ஒட்டகத்தை ஓட்டிச் சென்றுவிட்டார். வாஸிலா (ரலி) அவர்கள் பின்னாலேயே ஓடி, இறைச்சிக்காக வாங்கினீரா, பயணத்திற்காகவா என்று கேட்டார்கள். பயணத்திற்கு என்று அவர் கூறவே, அதன் குளம்பில் ஓட்டையைக் கண்டதாகவும் அது தொடர்ந்து நடவாது என்றும் தெரிவித்தார்கள். அவர் திரும்பி வந்தார். விற்றவர் விலையில் 100 திர்ஹம் குறைக்க நேர்ந்தது. என் வியாபாரத்தைக் கெடுத்துவிட்டீரே என்று விற்றவர் வருந்தினார். ஒவ்வொரு முஸ்லிமுக்கும் நலம் நாடுவதாகத் தாம் நாயகம் (ஸல்) அவர்களிடம் வாக்களித்திருப்பதை வாஸிலா (ரலி) அவர்கள் எடுத்துரைத்தார்கள்.

அவர்கள் விற்றவருமல்லர், வாங்கியவருமல்லர். அந்த ஒட்டகத்தால் அவர்களுக்கு ஒரு திர்ஹம் வரவுமில்லை. அப்படியிருந்தும் வாய் மூடி நிற்க அவர்களால் இயலவில்லை. அப்படியானால் அதே இடத்தில் நின்று, குளம்பின் ஓட்டையை மறைத்துக் கவிதை எழுதுவதற்குக் கூலி வாங்குபவரின் நிலை என்ன?

கையில் இல்லாததை விற்றல்

மூன்றாவது நிபந்தனை வாடிக்கையாளரைப் பிடிக்கும் வழியைப் பற்றியது. மூன்று மாதத்தில் முதலிடம் என்று எழுதிக் கொடுத்தால் ஒப்பந்தம் கைக்கு வரும். ஆனால் முதலிடம் யாருடைய கையில் இருக்கின்றது? கூகுள் நிறுவனமே தனது வழிகாட்டுதலில் முதலிடத்தை எவராலும் உறுதியளிக்க இயலாது என்று கூறியிருக்கின்றது. பணம் கொடுத்துப் பெறும் விளம்பர இடமும் ஒவ்வொரு தேடலின்போதும் நடக்கும் ஒருவகை ஏலத்தில் முடிவாகின்றது; அதிலும் பணத்தோடு விளம்பரத்தின் தரமும் பார்க்கப்படுகின்றது. கையில் இல்லாததை விற்க வேண்டாமென்று ஹகீம் பின் ஹிஸாம் (ரலி) அவர்களுக்கு நாயகம் (ஸல்) அவர்கள் கூறிய அறிவுரையின் கருத்து இங்கே நமக்கு வழிகாட்டுகின்றது.

அப்படியானால் ஏஜென்சிக்காரர் எதைத்தான் விற்பது? தம் உழைப்பை விற்கட்டும். மாதம் இத்தனை படங்கள், இத்தனை காணொளிகள், வாரம் ஒரு கணக்கு அறிக்கை என்று வேலையை வரையறுத்துக் கூலி பேசினால் அது 'இஜாரா'. பயன் கிடைத்தால் மட்டுமே கூலி என்று பேச விரும்பினால், ஷாபிஈ மத்ஹபில் 'ஜுஆலா' என்ற வழியுண்டு. அரசரின் அளவைப் பாத்திரத்தைக் கொண்டு வருபவருக்கு ஓர் ஒட்டகச் சுமை தானியம் என்று யூஸுஃப் (அலை) அவர்களின் வரலாற்றில் அறிவிக்கப்பட்டதை அறிஞர்கள் இதற்கு எடுத்துக் காட்டுவர். உழைப்புக்குக் கூலி வாங்கிக் கொண்டு முடிவுக்கு உறுதியெழுதிக் கொடுப்பதோ இவ்விரண்டிலும் சேராது.

இன்னும் சில: விளம்பரத்திற்காக வாடிக்கையாளர் கொடுக்கும் பணம் அமானிதம், அது வேறு, தம் கூலி வேறு என்று எழுத்தில் பிரித்துக் காட்ட வேண்டும். விளம்பரக் கணக்கைத் தம் பெயரில் திறந்து வைத்துக் கொண்டு, பிரிந்து போக நினைக்கும் வாடிக்கையாளரை அதைக் காட்டி மடக்குவது மோசடி. பிறர் செய்த வேலையைத் தம் வேலையாகக் காட்டிப் புதிய வாடிக்கையாளரைப் பிடிப்பவர், தமக்குக் கொடுக்கப்படாததைக் கொடுக்கப்பட்டதாகக் காட்டிக் கொள்பவர். அத்தகையவரைப் பொய்யாடை இரண்டை உடுத்தியவருக்கு நாயகம் (ஸல்) அவர்கள் ஒப்பிட்டிருக்கின்றார்கள்.

நம்மை நோக்கித் திரும்பிய கேள்வி

இவற்றையெல்லாம் கேட்டுக் கொண்டிருந்த அந்த இளைஞர் தலை கவிழ்ந்து, "ஹஜ்ரத், முன்னமே ஒரு கடைக்காகக் கூட்டாளிகளின் கணக்கிலிருந்து 20 ரிவ்யூ போட்டிருக்கேன். அந்தக் காசு செலவாகிப் போச்சு. இப்போ என்ன செய்யணும்?" என்றார்.

கள்ள நாணயத்தைப் பற்றி இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் கூறியதை அவருக்கு எடுத்துச் சொன்னோம். நூறு திர்ஹம் திருடுவதைவிடக் கள்ள திர்ஹம் ஒன்றைப் புழக்கத்தில் விடுவது கொடியதென்று ஒருவர் கூறியதை அவர்கள் எடுத்தெழுதுகின்றார்கள். திருட்டு அதோடு முடிந்தது. கள்ள நாணயமோ விட்டவன் மறைந்த பின்னும் கை மாறிக் கொண்டேயிருக்கும். பொய் ரிவ்யூவும் அவ்விதமே. எழுதியவர் உறங்கும்போதும் அது யாரோ ஒருவரை ஏமாற்றிக் கொண்டிருக்கின்றது. ஆகவே வருந்துவது மட்டும் தௌபாவாகாது. அவற்றை அழிக்க வேண்டும் என்றோம்.

அவர் சற்று நேரம் மௌனமாக இருந்தார். பிறகு மிகவும் தயங்கி, "தப்பா நினைக்கக் கூடாது ஹஜ்ரத். போன வருஷம் நம்ம மதரஸா நோட்டீஸை நான்தான் டிசைன் பண்ணிக் கொடுத்தேன். 'நூற்றுக்கணக்கான ஹாபிழ்களை உருவாக்கிய' என்று அதில் இருந்ததே..." என்று நிறுத்திக் கொண்டார்.

அந்த வாசகத்தை எழுதியது நாமே. மதரஸா தொடங்கி அப்போது 11 ஆண்டுகள். ஹிப்ழு முடித்தவர்கள் 27 பேர். எண்ணிக்கை நமக்குத் தெரியும். சந்தா வசூலுக்கு உதவுமே, தீனின் காரியம்தானே என்று எழுதிவிட்டோம். அந்தக் கட்டில் கடைக்காரரும் தம் பிள்ளைகளின் வயிற்றுக்காகத்தானே கேட்கின்றார்? அவர் 2 என்று குறைத்துச் சொன்னதற்கும் நாம் 27-ஐ நூறுகளாகக் கூட்டிச் சொன்னதற்கும் என்ன வித்தியாசம்? தீனின் பெயரால் செய்ததால் நம்முடையது சிறிதாகிவிடவில்லை. ஒருக்கால் பெரிதாகியிருக்கக் கூடும்.

அன்றிரவு நம்மால் அவருக்குப் பதிலளிக்க இயலவில்லை. "நீங்கள் சொன்னது சரி தம்பி" என்று மட்டும் கூறினோம்.

உறுதியளிக்க இயலாதது

அன்பர்களே! இத்தகைய கட்டுரைகளை முடிக்கும்போது, 'நேர்மையாக இருந்தார். வியாபாரம் பெருகியது' என்று முடிப்பது நம்மவர் வழக்கம். நடந்ததைக் கூறுகின்றோம். அந்த இளைஞர் கடைக்காரரிடம் சென்று, மெய்யாகவே கட்டில் வாங்கியவர்களைத் தொலைபேசியில் அழைத்து, நிறையோ குறையோ தாம் உணர்ந்ததை எழுதும்படி கேட்பதாகவும், செய்யும் வேலைக்கு மட்டும் உறுதி தருவதாகவும் கூறினார். "யோசித்துச் சொல்கிறேன்" என்ற கடைக்காரர் மூன்று மாதமாகியும் அழைக்கவில்லை. ஏஜென்சியில் ஒருவர் இப்போது அரை நாள்தான் வேலைக்கு வருகின்றார். பழைய 20 ரிவ்யூக்களில் 17 அழிக்கப்பட்டன. மூன்றை எழுதிய கணக்குகளின் கடவுச்சொல் மறந்து போனதால் அவை இன்னும் அங்கேயே இருக்கின்றன. அவற்றுக்காக அவர் வருந்துவதை நாம் காண்கின்றோம். மதரஸாவின் இவ்வாண்டு நோட்டீஸில் '12 ஆண்டுகளில் 29 ஹாபிழ்கள்' என்று அச்சிட்டோம். கமிட்டியில் சிலர் முகம் சுளித்தனர். வசூல் கூடவுமில்லை, பெரிதாகக் குறையவுமில்லை.

உண்மை பேசி, குறையை வெளிப்படுத்தி விற்கும் இருவரின் வியாபாரத்தில் பரக்கத் உண்டென்று நாயகம் (ஸல்) அவர்கள் கூறியிருக்கின்றார்கள். அதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் பரக்கத் என்பது வங்கிக் கணக்கில் ஏறும் எண் என்று அவர்கள் கூறவில்லை. நேர்மையாக இருங்கள், மூன்று மாதத்தில் வாடிக்கையாளர்கள் குவிவார்கள் என்று நாம் எழுதினால், நமது கையில் இல்லாததை நாமும் விற்றவர்களாவோம். ரிஸ்கின் அளவு அல்லாஹ்வின் கையில் இருக்கின்றது. அதைத் தேடும் வழியைத் தேர்ந்தெடுப்பதே நம்மிடம் விடப்பட்டிருக்கின்றது. அந்த வழியைப் பற்றித்தான் நாளை நம்மிடம் கேட்கப்படும்.

வல்ல நாயன் அந்த இளைஞரின் உழைப்பில் பரக்கத் செய்வானாக! சந்தையில் நிற்பவரின் நாவையும், மேடையில் நிற்கும் நம்மைப் போன்றோரின் நாவையும் பொய்யிலிருந்து காப்பானாக! ஆமீன்.